வடிவமும் கைமுறையும்: சீன வெள்ளித் தேநீர்க் கெண்டிகளின் மரபுத் தொடர்ச்சி குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சீனாவில் கையால் அடித்து உருவாக்கப்படும் வெள்ளித் தேநீர்க் கெண்டிகள் தாங் அரச மரபுக் காலம் முதல் அறுபடாது தொடரும் மரபின் விளைவுகளாகப் பொதுவாக அறிமுகப்படுத்தப்படுகின்றன. இக்கருத்து முழுமையாகப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அகழ்வில் கிடைத்த கலங்கள், தேநீர் குறித்த பழைய சீன நூல்களின் செய்திகள், ஏற்றுமதி வெள்ளிக் கலங்களின் முத்திரைகள், இன்றைய கம்மியரின் செய்முறை ஆகிய நான்கும் இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கெண்டியின் வடிவம் பல முறை மாறியும் பிற நாடுகளுக்குச் சென்று திரும்பியும் வந்துள்ளது. வெள்ளியைக் கையாளும் கைமுறையே நீண்ட தொடர்ச்சி உடையது என்பது கட்டுரையின் முடிபு. ஆகவே மரபைக் காப்பது என்பது வடிவத்தைப் படியெடுப்பது அன்று. கைமுறையையும் அதனை உடையவரையும் காப்பதே ஆகும்.

திறவுச்சொற்கள்

வெள்ளிக் கம்மியம், தேநீர்க் கெண்டி, தாங் காலம், ஏற்றுமதி வெள்ளி, ஹெசிங், கைமுறை, மரபுத் தொடர்ச்சி.

1. முன்னுரை

ஒரு கைவினைப் பொருளை 'மரபு சார்ந்தது' என்று கூறும்போது, அதில் எது மரபு என்னும் வினா எழுகிறது. பொருளின் வடிவமா, அதன் பயனா, அதனை ஆக்கும் முறையா? பெரும்பாலான கைவினைகளில் இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தே வருவதால் இவ்வினாவுக்குத் தேவை எழுவதில்லை. சீன வெள்ளித் தேநீர்க் கெண்டியில் இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழிகளில் மாறியுள்ளன. எனவே இவ்வினாவை ஆராய்வதற்கு அது தக்க களமாக அமைகிறது.

இவ்வினா ஏட்டளவில் மட்டும் நிற்பதன்று. கடைசல் பொறியில் அச்சின்மேல் அழுத்தி உருவாக்கிய உடலும் வார்ப்பில் எடுத்த மூக்கும் கொண்ட கெண்டிகள், பழைய வடிவத்தைத் தாங்கியிருப்பதாலேயே 'மரபுக் கைவினை' என்னும் பெயரைப் பெற்றுவிடக்கூடும். அவ்வாறு நேரின், பல நாள் உழைத்து ஒரு கெண்டியை அடித்தெடுக்கும் கம்மியர், தம் கைவினையின் பெயரையே இழக்க நேரும். ஆகவே 'எது மரபு' என்பதற்குத் தரும் விடை, 'யார் மரபினர்' என்பதையும் தீர்மானிக்கிறது.

சீன வெள்ளிக் கலங்களுள் தேநீரோடு தொடர்புடையவற்றை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அணிகலன்களும் சமயச் சடங்குக் கலங்களும் செய்முறை ஒப்பீட்டுக்குத் தேவையான அளவிலேயே சுட்டப்படுகின்றன.

2. சொல்லும் பொருளும்

'தே' என்னும் சொல்லே சீனக் கடல்வணிகத்தின் சுவடு ஆகும். சீன மொழியின் பெரும்பாலான வட்டாரங்களில் இப்பானம் 'சா' எனப்படுகிறது. ஃபூஜியன் கடற்கரை வழக்கில் அது 'தே' எனப்படுகிறது. நிலவழியாகப் பரவிய இடங்களில் 'சா', 'சாய்' என்னும் வடிவங்களும், ஃபூஜியன் துறைமுகங்களோடு நடந்த கடல்வணிகத்தின் வழிப் பரவிய இடங்களில் 'தே' என்னும் வடிவமும் நிலைத்தன. தமிழில் 'தேயிலை', 'தேநீர்' என்பவை கடல்வழிச் சொல்லைக் கொண்டவை. 'சாயா' என்னும் வழக்கு மற்றைச் சொல்லைக் கொண்டது. இரு வழிகளின் சுவடுகளையும் ஒருசேரத் தாங்கும் மொழிகளுள் தமிழும் ஒன்று.

'கெண்டி' என்பது மூக்குடைய நீர்க்கலத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல். 'குண்டிகை' என்பதனோடு தொடர்புடையதாகக் கருதப்படுவது. மலாய் மொழியிலும் 'கெண்டி' என்னும் சொல் இதே பொருளில் வழங்குகிறது. பௌத்தத் துறவியரின் நீர்க்கலத்தைக் குறிக்கும் 'ஜுன்சி' என்னும் சீனச் சொல்லும் 'குண்டிகா' என்னும் வடசொல்லின் ஒலிபெயர்ப்பே ஆகும். தேநீர் வடிக்கும் கலத்தைச் சீனர் 'ஹு' என்னும் வேறொரு சொல்லால் குறிக்கின்றனர். எனினும் மூக்கும் மூடியும் கைப்பிடியும் உடைய கலத்துக்குத் தமிழில் 'கெண்டி' என்பதே பொருத்தமான சொல் என்பதால், அச்சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

ஒரு வேறுபாட்டை இங்கேயே வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். தேயிலையை இட்டு ஊறவைத்து வடிக்கும் கலம் ஒன்று. நீரை மட்டும் கொதிக்கவைத்து ஊற்றும் கலம் மற்றொன்று. முன்னதை 'ஊறற் கெண்டி' எனவும், பின்னதை 'வெந்நீர்க் கெண்டி' எனவும் இக்கட்டுரை குறிக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதியதே மரபுத் தொடர்ச்சி குறித்த பல மயக்கங்களுக்குக் காரணம் எனலாம்.

3. தாங், சோங் காலங்கள்: ஊறற் கெண்டி இல்லாத தேநீர் வெள்ளி

தாங் அரச மரபுக் காலமே (618–907) சீன வெள்ளிக் கம்மியத்தின் முதற் பெரும் உயர்வைக் கண்ட காலம் ஆகும். பாரசீகம், சோக்தியானா முதலிய மேற்கு நிலங்களிலிருந்து வந்த கலங்களும் கம்மியரும் இவ்வுயர்வுக்குத் தூண்டுதலாயினர். 1970இல் சியான் நகரின் ஹெஜியாசுன் பகுதியில் கிடைத்த புதையலில் இருநூறுக்கும் மேற்பட்ட பொன், வெள்ளிக் கலங்கள் இருந்தன. அவற்றுள் தோற்பையின் உருவில் அமைந்து, வாயில் கிண்ணத்தைக் கவ்வி ஆடும் குதிரையின் பொன்முலாம் பூசிய புடைப்புருவம் தாங்கிய வெள்ளிக் கலம் புகழ்பெற்றது. நாடோடி மக்களின் தோற்கலம் வெள்ளியில் மறுவடிவம் பெற்றதை அது காட்டுகிறது. சீன வெள்ளிக் கலங்களில் அயல்வடிவம் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

தேநீருக்கான வெள்ளிக் கலங்களைப் பொறுத்தவரை தலையாய சான்று ஷான்சி மாநிலத்தின் ஃபூஃபெங் பகுதியிலுள்ள ஃபாமென் விகாரையின் நிலவறை ஆகும். 874இல் மூடப்பட்ட இவ்வறை 1987இல் திறக்கப்பட்டது. அதிலிருந்த அரண்மனைத் தேநீர்க் கலங்களில் பொன்முலாம் பூசிய வெள்ளி அரைகலமும், சல்லடைப் பெட்டியும், உப்புக் கலமும், ஆமை உருவிலான கொள்கலமும், வெள்ளிக் கம்பியால் பின்னிய கூடையும் அடங்கும். ஊறற் கெண்டி அவற்றுள் இல்லை. இருக்கவும் இயலாது. அக்காலத்தில் தேயிலை கட்டியாக அழுத்தப்பட்டு, வாட்டி, அரைத்து, சலித்து, உப்பிட்ட கொதிநீரில் இடப்பட்டது. ஆகவே அரைகலமும் சல்லடையும் உப்புக் கலமுமே அக்காலத் தேநீர்க் கலங்கள். இலையை ஊறவைக்கும் கெண்டிக்குத் தேவையே எழவில்லை.

அரைகலத்தின் பொறிப்பு இங்குத் தனியே கருதத்தக்கது. அது செய்யப்பட்ட ஆண்டையும் (869), செய்த அரசப் பட்டறையாகிய வென்சியுவான் என்பதையும், எடையை 29 லியாங் எனவும் அப்பொறிப்பு குறிக்கிறது. அதன்பின் கம்மியரின் பெயரை முதலிலும் மேற்பார்வை அலுவலர் பெயர்களை அடுத்தும் தருகிறது. எடை குறிக்கப்பட்டது, வெள்ளி கணக்கில் வரவேண்டிய பொருள் என்பதால். கம்மியர் பெயர் குறிக்கப்பட்டதும் பொறுப்பு கணக்கில் வரவேண்டும் என்பதாலேயே எனலாம். காரணம் எதுவாயினும், ஆக்கியவர் பெயர் ஆக்கிய பொருளிலேயே நிலைபெற்றது. பின்வரும் நூற்றாண்டுகளில் இப்பெயருக்கு நேர்ந்ததையும் இக்கட்டுரை தொடர்ந்து நோக்குகிறது.

8ஆம் நூற்றாண்டில் தேநீர் குறித்த முதல் முழுநூலை இயற்றிய லூ யூ, நீர் கொதிக்கவைக்கும் கலத்துக்கு வெள்ளி மிகத் தூயது என ஏற்று, ஆயினும் அது ஆடம்பரத்தின்பாற்படும் என்கிறார். நீடித்த பயனுக்கு இறுதியில் எது உகந்தது என்று அவர் முடிக்கும் இடத்தில் சில பதிப்புகள் 'வெள்ளி' என்றும், சில பதிப்புகள் 'இரும்பு' என்றும் பாடம் கொள்கின்றன. ஒரு சொல்லின் பாடவேறுபாடு, தேநீர்ப் பண்பாட்டின் முதல் ஆசிரியர் வெள்ளியை ஏற்றாரா விலக்கினாரா என்னும் வினாவையே திறந்து விடுகிறது.

சோங் காலத்தில் (960–1279) முறை மாறியது. பொடித்த தேயிலையைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீரை மெல்லிய தாரையாக ஊற்றிக் கடைந்து பருகினர். தாரையின் வேகமும் இடமும் கைவசப்பட வேண்டியிருந்ததால் நீண்ட, ஒடுங்கிய மூக்குடைய வெந்நீர்க் கெண்டி முதன்மை பெற்றது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய சாய் சியாங் இதற்குப் பொன்னைத் தலையாயதாகவும், பொதுமக்களுக்கு வெள்ளி, இரும்பு, பீங்கான் ஆகியவற்றை ஏற்றனவாகவும் கூறுகிறார். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஹுய்சோங் பேரரசரும் இக்கெண்டிக்குப் பொன், வெள்ளி ஆகியவற்றையே பரிந்துரைக்கிறார். இன்றைய வெள்ளிக் கெண்டிக்குச் சீனாவுக்குள்ளேயே ஒரு முன்னோர் உண்டெனில் அது இவ்வெந்நீர்க் கெண்டியே ஆகும்.

4. மிங் காலம்: இலையும் மண்ணும் வெள்ளியும்

1391இல் மிங் மரபின் முதற் பேரரசர், கட்டித் தேயிலையைத் திறையாகப் பெறுவதை நிறுத்தி, உதிரி இலையைச் செலுத்துமாறு ஆணையிட்டார். ஊறவைக்கும் முறை நாடெங்கும் நிலைபெற இவ்வாணை துணைசெய்தது. அரைகலமும் சல்லடையும் கடைகோலும் வழக்கொழிந்தன. ஊறற் கெண்டி தேநீர்க் கலங்களின் நடுவிடத்துக்கு வந்தது.

அக்கெண்டி எதனால் ஆகவேண்டும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபட்டது. 1597ஆம் ஆண்டைச் சார்ந்த தம் நூலில் சூ சிசு, பிற மணத்தை ஏற்காத கலமே சிறந்தது என்னும் அடிப்படையில் வெள்ளியை முதலிலும் வெள்ளீயத்தை அடுத்தும் வைக்கிறார். 17ஆம் நூற்றாண்டின் வென் சென்ஹெங், யிசிங் மண் கெண்டியே மேலானது. அது இலையின் நறுமணத்தைக் கவர்வதில்லை என்கிறார். இருவரின் அளவுகோலும் மணமே. முடிவு மட்டும் எதிரெதிரானது. அறிஞர் சுவையில் நாளடைவில் மண்ணே வென்றது. யிசிங் குயவர் பலர் தம் பெயரைக் கெண்டியின் அடியில் பொறித்துப் புகழ்பெற, வெள்ளிக் கெண்டி செல்வர் வீட்டுப் பொருளாக ஒதுங்கியது.

இதே காலத்தில் வெள்ளியின் சமூக இடமும் மாறியது. ஜப்பானிலிருந்தும், மணிலா வழியாக ஸ்பானிய அமெரிக்காவிலிருந்தும் வெள்ளி பெருமளவில் சீனாவுக்குள் வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல வரிகள் ஒன்றாக்கப்பட்டு வெள்ளியில் தண்டப்பட்டன. வெள்ளிக் கட்டிகள் எடையிட்டுச் செலவிடப்பட்டன. வெள்ளிக் கலம் என்பது வேண்டும்போது உருக்கிச் செலவிடக்கூடிய சேமிப்பாகவும் இருந்தது. பழைய வெள்ளிக் கெண்டிகள் அரிதாகவே எஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும். மண் கெண்டி உடைந்தால் அழிகிறது. வெள்ளிக் கெண்டி உடையாமலே உலைக்குச் சென்று அழிகிறது.

5. ஏற்றுமதிக் காலம்: அயல்வடிவமும் மறைந்த பெயரும்

ஐரோப்பாவில் வெள்ளித் தேநீர்க் கெண்டி தனியொரு வரலாறு உடையது. 1670இல் லண்டனில் செய்யப்பட்டு, பெர்க்லி பிரபுவால் கிழக்கிந்தியக் கம்பெனியின் குழுவினர்க்கு அளிக்கப்பட்ட கெண்டி இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. உயர்ந்து கூம்பிய அதன் உருவம் காப்பிக் கலத்தின் உருவமே. அது தேநீர்க் கெண்டி என்பதை அதன்மேலுள்ள பொறிப்பே உறுதிசெய்கிறது. பானம் சீனாவிலிருந்து வந்தது. கலத்தின் வடிவம் பின்னரே தெளிவுபெற்றது.

1757 முதல் மேலை நாட்டுக் கடல்வணிகம் கான்டன் துறைமுகத்துக்குள் வரையறுக்கப்பட்டது. தேயிலைக்கு ஈடாக ஐரோப்பியர் ஸ்பானிய வெள்ளி நாணயங்களைக் கொணர்ந்தனர். கான்டன் கம்மியர் அந்நாணயங்களை உருக்கி, ஆங்கிலேய மாதிரிகளைப் பார்த்து, தேநீர்க் கெண்டிகளை அடித்து அயலார்க்கே விற்றனர். தேயிலைக்கு விலையாக வந்த வெள்ளியின் ஒரு பகுதி தேநீர்க் கெண்டியாக மாறிக் கடல் கடந்து திரும்பியது. தொடக்ககாலக் கெண்டிகள் ஆங்கிலேய வடிவத்தை மட்டுமன்றி, சிங்கம், அரசத்தலை முதலிய ஆங்கிலேய முத்திரைகளையும் போலியாகத் தாங்கியிருந்தன.

1842ஆம் ஆண்டின் நான்கிங் உடன்படிக்கையால் ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டபின் இவ்வணிகம் ஷாங்காய், ஹாங்காங் ஆகிய நகரங்களுக்கும் பரவியது. சுவையும் மாறியது. வாங் ஹிங், லுவென் வோ முதலிய விற்பனை நிறுவனங்களின் கெண்டிகளில் மூங்கிற் கணுவாக அமைந்த மூக்கும் கைப்பிடியும், உடலைச் சுற்றிய யாளிப் பாம்பும், பிளம் மலர்க் கொம்பும் புடைப்பாக எழுந்தன. அயலார் எதிர்பார்த்த 'சீனத்தன்மை', ஆங்கிலேய உடலமைப்பின்மேல் அணியாக ஏற்றப்பட்டது எனலாம். பால் கலமும் சர்க்கரைக் கலமும் சேர்ந்த மூன்று கலத் தொகுதியாக அவை விற்கப்பட்டன. பாலும் சர்க்கரையும் சீனர் தேநீரில் வழக்கமாகச் சேர்ப்பவை அல்ல.

இக்கலங்களின் அடியில் பொதுவாக மூன்று முத்திரைகள் காணப்படும்: விற்பனை நிறுவனத்தின் உரோமன் எழுத்து முதலெழுத்துகள், வெள்ளியின் தூய்மையைக் காட்டும் 90 என்னும் எண், பட்டறையைக் குறிக்கும் சீன எழுத்துகள். நாணய வெள்ளியின் தூய்மை ஏறத்தாழ 90 விழுக்காடாக இருந்தமை அந்த எண்ணுக்குப் பொருந்துகிறது. ஒரே பட்டறையின் சீன எழுத்துகள் வெவ்வேறு நிறுவனங்களின் முதலெழுத்துகளோடு சேர்ந்து வருவதும் உண்டு. அதாவது, அடித்தவர் வேறு, விற்றவர் வேறு. நெடுங்காலம் சேகரிப்பாளர் விற்றவரின் எழுத்துகளையே ஆக்கியவரின் பெயராகக் கொண்டனர். தாங் அரைகலத்தில் முதலில் நின்ற கம்மியர், இங்குப் படிக்கப்படாத எழுத்தாகப் பின்னுக்குச் சென்றுவிட்டார்.

6. கைமுறை: வெள்ளி அடிபடும் வழி

வடிவமும் பயனும் இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, மாறாது நின்றது எது? அதனை அறியப் பட்டறைக்குள் நோக்குதல் வேண்டும். செய்முறைச் சொற்களுக்கு இங்குத் தமிழ்ப் பொற்கொல்லர் வழக்கே கொள்ளப்படுகிறது.

வெள்ளி 961.8 பாகை செல்சியசில் உருகுகிறது. மூசையில் இட்டு, வெங்காரம் தூவி உருக்கிய வெள்ளி அச்சில் ஊற்றப்பட்டுக் கட்டியாகிறது. கட்டி அடைகல்லின்மேல் அடிக்கப்பட்டு வட்டத் தகடாகிறது. தகட்டை முதலில் குழித்த மரக்கட்டையில் தட்டிப் பள்ளமாக்குவர். பின்னர் இரும்புத் தாங்கியில் கவிழ்த்து, வெளிப்புறத்தில் அடியிலிருந்து விளிம்பு நோக்கி வட்டம் வட்டமாக அடிப்பர். ஒவ்வொரு சுற்றுக்கும் சுவர் சற்றே உயர்ந்து, வாய் சற்றே குறுகும். தட்டையான தகடு, வயிறு பெருத்து வாய் ஒடுங்கிய கெண்டி உடலாவது இவ்வாறுதான்.

அடிபட அடிபட வெள்ளி இறுகும். இறுகியபின்னும் அடித்தால் விரிசல் விடும். எனவே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதனை மங்கிய செந்நிறம் வரக் காய்ச்சித் தணித்து மீண்டும் இளக்குவர். எவ்வளவு அடித்தபின் காய்ச்சுவது என்பதைச் சுத்தியலின் ஓசையும் கையில் திரும்பும் அதிர்வும் உணர்த்துகின்றன. எவ்வளவு காய்ச்சுவது என்பதை உலையருகின் அரையிருளில் தோன்றும் நிறம் உணர்த்துகிறது. மிகுந்தால் தகடு உருகி ஓட்டையாகும். குறைந்தால் அடுத்த சுற்றில் பிளக்கும். இவ்வறிவை ஆசானின் அருகிருந்தே பெறமுடியும்.

மூக்கைத் தனித்தகட்டில் சுருட்டிப் பற்றாசு வைத்து உடலோடு இணைப்பது ஒரு முறை. உடலும் மூக்கும் ஒரே தகட்டிலிருந்து அடித்தெடுக்கப்படுவது மற்றொரு முறை. இதுவே மிகக் கடினமானது. இதன் மதிப்பை அருமைப்பாடு என்று மட்டும் விளக்குதல் போதாது. இன்று வழங்கும் கெண்டிகள் பெரும்பாலும் 99 அல்லது 99.9 விழுக்காட்டுத் தூய வெள்ளியாலானவை. செம்பு கலவாத தூய வெள்ளி இயல்பில் மென்மையானது. கெண்டிச் சுவருக்கு உறுதி தருவது அடியே ஆகும். பற்றாசு வைக்கும் சூடு அச்சுவரை மீண்டும் இளக்கிவிடுவதோடு, பற்றாசின் வேற்று உலோகமும் தூய்மையைக் குறைக்கிறது. ஒற்றைத் தகட்டுக் கெண்டியில் இவ்விரு குறைகளும் இல்லை. ஆகவே அடித்தல் என்பது அழகுக்கான செயல் மட்டும் அன்று; கெண்டியின் வலிமையே அடியில்தான் உள்ளது.

உருவம் அமைந்தபின் உட்புறத்தில் பைன் பிசின், செங்கற்பொடி, எண்ணெய் கலந்த அரக்கை உருக்கி நிரப்புவர். அரக்கு தகட்டைத் தாங்கி, அடிக்கு இடமும் கொடுக்கும். கம்மியர் தாமே செய்துகொண்ட பலவகைச் சிற்றுளிகளால் கோடும் இதழும் செதிலும் பொறிப்பர். இவ்வுளிகள் உலோகத்தைச் சீவுவதில்லை, அமுக்கி நகர்த்துகின்றன. தாங் காலக் கலங்களில் உருவங்களுக்கிடையே மீன்முட்டைபோல் நெருங்கப் பொறித்த சிறுவளையப் பரப்பு இவ்வகை உளியின் வேலையே. ஃபாமென் கூடையின் கம்பிப் பின்னலும், 2008இல் சீனத் தேசியக் கைவினை மரபுப் பட்டியலில் இடம்பெற்ற பெய்ஜிங் கம்பிச் சித்திர வேலையும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தை ஆவியாக்கும் முலாம் முறையும் தாங் காலத்துக்கும் முற்பட்டது. அதன் புகை கம்மியரின் உடல்நலத்தைக் கெடுத்ததும் அம்மரபின் ஒரு பகுதியே.

இறுதியில் வெள்ளியின் ஓர் இயல்பு வடிவத்தைக் கட்டுப்படுத்துகிறது. உலோகங்களுள் வெப்பத்தை மிக விரைந்து கடத்துவது வெள்ளி. எனவே கைப்பிடியைப் பிரம்பால் சுற்றுதல், உள்ளீடற்றதாக்குதல், இடையில் தந்த வளையம் செருகுதல் என ஒவ்வொரு காலமும் ஒரு தீர்வைக் கண்டது. ஏற்றுமதிக் கெண்டிகளின் கைப்பிடியில் தெரியும் இரு வெண்ணிற வளையங்கள் அழகுக்கு அல்ல, கை சுடாமைக்கே.

7. ஜப்பான் வழித் திரும்பிய வடிவமும் ஹெசிங் கம்மியரும்

1654இல் ஃபூஜியனிலிருந்து நாகசாக்கிக்குச் சென்ற இன்யுவான் என்னும் சீனத் துறவியோடு, ஊறவைத்துப் பருகும் மிங் காலத் தேநீர் முறை ஜப்பானில் வேரூன்றியதாகக் கொள்ளப்படுகிறது. அம்முறையைச் சார்ந்து வளர்ந்த 'செஞ்சா' மரபில், தலைக்குமேல் வளைந்த கைப்பிடியுடைய வெள்ளி வெந்நீர்க் கெண்டி சிறப்பிடம் பெற்றது. 1876ஆம் ஆண்டின் வாள் தடை ஆணையால் வாளுறுப்பு வேலையை இழந்த உலோகக் கம்மியர் பலர் கலங்களின்பால் திரும்பினர். அவர்தம் உளிநுட்பம் மெய்ஜி காலக் கெண்டிகளில் வெளிப்பட்டது.

21ஆம் நூற்றாண்டில் சீனாவில் தேநீர்ப் பண்பாடு புத்துயிர் பெற்றபோது, சீனச் சேகரிப்பாளர் இப்பழைய ஜப்பானியக் கெண்டிகளை நாடினர். இன்று சீனப் பட்டறைகளில் அடிக்கப்படும் கெண்டிகளுள் பல, சுத்தியல் தடம் தோன்றும் சுவரிலும் வளைந்த மேற்கைப்பிடியிலும் அவற்றை நெருக்கமாக ஒத்துள்ளன. சீன முறையொன்று கடல் கடந்து வடிவம் பெற்று, அவ்வடிவமாகத் தாயகம் மீண்டது. இவ்வடிவத்தைத் 'தாங் மரபு' என்பது பொருந்தாது. 'ஜப்பானியப் படி' என்று மட்டும் சொல்வதும் முழுமையாகாது.

அவ்வடிவத்தை விரைந்து ஏற்று ஆக்கக்கூடிய கைகள் சீனாவில் ஏற்கெனவே இருந்தன என்பதே இங்கு முதன்மையான செய்தி. யுன்னான் மாநிலத்தின் தாலிப் பகுதியிலுள்ள ஹெசிங் மாவட்டத்தில், சின்ஹுவா முதலிய ஊர்களில் வாழும் பாய் இனக் கம்மியர் தலைமுறைகளாகச் சிறு உலையைச் சுமந்து ஊர் ஊராகச் சென்றவர்கள். திபெத்தியருக்குத் தேநீர்க் கிண்ணமும் வெண்ணெய் விளக்கும், பிற இனத்தாருக்கு அணிகலனும், வீடுதோறும் ஒடிந்த கலங்களுக்குப் பற்றாசும் என அவர் கை எல்லா வடிவங்களையும் பழகியிருந்தது. எவர் வடிவத்தையும் ஏற்கும் இத்திறனே அவர்களின் மரபு எனலாம். இவர்தம் வெள்ளிக் கம்மியம் 2014இல் சீனத் தேசியப் பட்டியலில் இடம்பெற்றது. குய்சோ மாநிலத்து மியாவ் இனத்தாரின் வெள்ளி அணிவேலை 2006இலேயே அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. இரு பதிவுகளும் குறிப்பிட்ட பொருளை அன்றி, அடித்து உருவாக்கும் முறையையே பெயராகக் கொண்டுள்ளமை நோக்கத்தக்கது.

8. கைவேலையின் சான்றுகள்

கைவேலை எது என்பதைக் கெண்டியே காட்டுமா? ஓரளவு காட்டும். கடைசல் பொறியில் சுழற்றி அழுத்திய உடலின் உட்சுவரில் சீரான மெல்லிய வட்டக்கோடுகள் தென்படும். வார்ப்பு மூக்கில் நுண்துளைகள் காணப்படலாம். உளியால் பொறித்த கோடு உருப்பெருக்கியில் அடுத்தடுத்த ஆப்பு வடிவக் குறிகளின் தொடராகத் தெரியும். அச்சில் அழுத்திய கோடு ஒரே சீராக இருக்கும்.

ஆயினும் இச்சான்றுகளை இயந்திரகதியில் பயன்படுத்தலாகாது. இதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, பழைய கம்மியர் பலர் சுத்தியல் தடத்தைத் தேய்த்து மறைத்தனர். அதனை வெளிக்காட்டுவது கைவேலைக்கு அரிதென்னும் மதிப்பு வந்தபின் பெருகிய வழக்கு. பொறியில் எடுத்த உடலின்மேல் பின்னர்த் தடத்தை அடித்துச் சேர்ப்பதும் இயலும். ஆகவே தடம் மட்டும் சான்றாகாது. இரண்டாவது, ஹெஜியாசுன் கலங்கள் சிலவற்றிலேயே கடைசலில் சுழற்றிச் சீவிய வட்டத்தடங்கள் காணப்படுகின்றன. சுழலும் கருவி இருந்ததனால் தாங் கலம் கைவேலையாகாது போய்விடவில்லை. எனவே, கருவி உண்டா இல்லையா என்பது சரியான வினா அன்று. செய்கையின் ஒவ்வொரு கணத்திலும் முடிவெடுப்பது கம்மியரின் கையா, முன்பே முடிந்துவிட்ட அச்சா என்பதே வினாவாதல் வேண்டும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. தாங் காலத்தில் தேநீருக்கான வெள்ளிக் கலங்கள் இருந்தன. ஊறற் கெண்டி இருந்ததில்லை. அது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்ட மாற்றத்துக்குப் பின்னரே முதன்மை பெற்றது. ஆகவே வடிவத்தின் அறுபடாத தொடர்ச்சி என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று.

2. தோற்கலம், ஆங்கிலேயக் கெண்டி, ஜப்பானிய வெந்நீர்க் கெண்டி என ஒவ்வொரு காலத்திலும் அயல்வடிவம் சீனக் கம்மியரால் ஏற்கப்பட்டுள்ளது. அயல்வடிவத்தை ஏற்றல் மரபின் குறை அன்று. அம்மரபின் இயல்பே அது.

3. அடித்தல், காய்ச்சித் தணித்தல், அரக்கில் தாங்கிப் பொறித்தல், பற்றாசு வைத்தல், கம்பி பின்னுதல் ஆகிய கைமுறைகளே பல நூற்றாண்டுத் தொடர்ச்சி உடையவை. தூய வெள்ளிக் கெண்டியில் அடி என்பது உறுதிக்கே அடிப்படையாதலால், அதனை நீக்கி வடிவத்தை மட்டும் காப்பது மரபைக் காப்பதாகாது.

4. 869ஆம் ஆண்டின் அரைகலம் கம்மியரின் பெயரைத் தாங்கியது. ஏற்றுமதிக் காலம் அப்பெயரை விற்பவரின் எழுத்துகளுக்குப் பின்னே மறைத்தது. பட்டறை எழுத்துகளைப் படித்து, ஆக்கியவரை மீட்டெடுப்பது இத்துறையில் இன்னும் நிறைவுறாத கடமை.

கலத்தைக் காட்சிப்பேழையில் வைத்தால் வடிவம் நிலைக்கும். உலையருகே சிவக்கும் வெள்ளியின் நிறத்தைக் கண்டு 'போதும்' என்று கூறும் அறிவு, அதனைக் கற்க ஒருவர் அருகிருக்கும் வரையே நிலைக்கும். கைவினை மரபுகளை ஆவணப்படுத்துவோர் கலத்தின் படத்தோடும் அளவோடும் நின்றுவிடாமல், செய்முறையின் சொற்களையும், அவற்றைச் சொல்லும் கம்மியரின் பெயரையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது.